அழுகையைச் சுமப்பது சொல்லா, ராகமா? இரங்கல் வெண்பாவுக்கு மெட்டு போடுவது பற்றி

புதுமெட்டு:
வணக்கம். நினைவேந்தல் நிகழ்ச்சி ஒன்றுக்காக எழுதிய குறள் வெண்பா இது:

வாசல் விளக்கேற்றி வைத்தவள் போனபின்
வாசலில் யார்வரு வார்

இதை வாசிப்பதா, பாடுவதா என்று எங்கள் குழுவில் இரண்டு கட்சி. பாடினால் ராகம்தான் காதில் நிற்கும், சொல் அடிபட்டுப் போகும் என்கிறது ஒன்று. வெறுமனே வாசித்தால் நெஞ்சைத் தொடாது, இரண்டு கீற்று முகாரி போதும், சபை கலங்கிவிடும் என்கிறது மற்றது. கேள்வியைக் கொஞ்சம் அகலமாகவே வைக்கிறேன். உணர்ச்சியை உண்மையில் எது சொல்கிறது, கவிதையா இசையா? இரண்டும் சேரும்போது எது எதற்கு இடம் விட வேண்டும்? பாடுவதென்றால் என்ன ராகம், என்ன தாளம், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

எதுகை:
தளை (சீரும் சீரும் இணையும் கட்டு) தட்டாத வெண்பா. சீர்களின் வாய்பாடு: வாசல் தேமா, விளக்கேற்றி புளிமாங்காய், வைத்தவள், போனபின், வாசலில், யார்வரு நான்கும் கூவிளம், வார் நாள். முதலடியில் ஒன்றாம் சீரும் மூன்றாம் சீரும் மோனை. இனிக் கேள்விக்கு வருகிறேன்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு (உள்ளத்து உணர்ச்சி வெளியே தெரிவது) எட்டு என்றார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. பலரும் இந்தப் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். அவர் நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நந்நான்கு சொல்கிறார், மொத்தம் 32. அழுகைக்கு அவர் தரும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ந்ததால் வரும் அழுகை, உற்றதை இழந்ததால் வரும் அழுகை, முன்பிருந்த நிலை கெட்டதால் வரும் அழுகை, இல்லாமையால் வரும் அழுகை.

என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ராகம் உங்களுக்கு அழுகையைத் தரும், அதில் ஐயமில்லை. அது இழவா வறுமையா என்று எந்த ராகமும் சொல்லாது. சிவரஞ்சனியை வயலினில் கால் மணி நேரம் வாசித்தாலும், தாயை இழந்தவனும் வயலை இழந்தவனும் ஒரே அழுகைதான் அழுவார்கள். உங்கள் வெண்பா முதலடி முடிவதற்குள் இது இழவு என்று சொல்லிவிடுகிறது. அதோடு விடாமல், யாருடைய இழவு என்பதையும் சொல்கிறது: தினமும் மாலையில் ஒரு வேலையைத் தவறாமல் செய்தவள். 'ஏற்றியவள்' என்று போடாமல் 'விளக்கேற்றி வைத்தவள்' என்று போட்டதில், விளக்கு தனக்காக ஏற்றப்படவில்லை, வருகிறவர்களுக்காக வைக்கப்பட்டது என்பது வந்துவிட்டது. இரண்டாமடியின் கேள்வி அதிலிருந்துதான் பிறக்கிறது.

இன்னொன்று. இசைக்கு 'இல்லை' சொல்லத் தெரியாது. வராததை, நடக்காததை, இல்லாமல் போனதைச் சுரத்தால் குறிக்க வழியில்லை, ஏனென்றால் ஒலிக்கும் சுரம் எப்போதும் இருக்கிற ஒன்று. இழப்பின் உணர்ச்சி முழுவதும் இல்லாத ஒன்றைப் பற்றியது. ஆகவே இரங்கற்பாவில் சொல் முன்னே, இசை பின்னே. வாசியுங்கள். பாடத்தான் வேண்டுமென்றால் முதலில் ஒருமுறை வாசித்துவிட்டுப் பாடுங்கள்.

நிரவல்:
எதுகை ஐயா சொன்ன நான்கையும் ஏற்கிறேன். ஆனால் காரணம் தெரிந்துவிட்டால் உணர்ச்சி முழுதாகத் தெரிந்துவிடாது. இழவு என்று தெரிகிறது, சரி. நேற்று நடந்த இழவா, முப்பது வருடத்துக்கு முந்தியதா? நெஞ்சு ஆறிவிட்டதா, ஆறவே மறுக்கிறதா? இந்த இரண்டு அடியில் அதற்குப் பதிலே இல்லை. அதை மெட்டு சொல்லும், ஒரே ஒரு சுரத்தை மாற்றியே சொல்லும்.

செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று. கீபோர்டோ சுருதிப்பெட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு எளிதாக இருக்க ஆதார ஸ 240 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். மோகனம் ஸ ரி2 க3 ப த2 (எண் கூடினால் அதே சுரத்தின் உயர்ந்த வகை). சிவரஞ்சனி ஸ ரி2 க2 ப த2. ஐந்தில் நான்கு சுரம் ஒன்றுதான். காந்தாரம் மட்டும் வேறு: மோகனத்தில் ஸ-வைப்போல் ஒன்றேகால் மடங்கு, 300 ஹெர்ட்ஸ். சிவரஞ்சனியில் ஐந்துக்கு ஆறு, 288. வித்தியாசம் வெறும் 12 ஹெர்ட்ஸ். 'வாசலில் யார்வருவார்' என்பதை க ரி ஸ என்று இறங்கும்படி, முதலில் மோகனத்தில் பாடுங்கள். வாழ்ந்து முடித்த ஒருத்தியை நிறைவோடு நினைப்பதுபோல் இருக்கும், 'இனி யார் வருவார், அவள் காலம் அப்படி' என்கிற தொனி. காந்தாரத்தை மட்டும் இறக்கி அதே இறக்கத்தைப் பாடுங்கள், அதே சொல் நேற்றைய துக்கமாகிவிடும். ஓர் எழுத்தும் மாறவில்லை. கவிதையில் இந்த மாற்றம் வேண்டுமானால் சீரையே மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

முகாரி பற்றியும் சொல்லிவிடுகிறேன். பைரவியின் அவரோகணமும் முகாரியின் அவரோகணமும் எழுத்தில் ஒன்றே: ஸ நி2 த1 ப ம1 க2 ரி2 ஸ. ஆரோகணத்தில் பைரவி எல்லாச் சுரத்தையும் தொட்டுப் போகும். முகாரி காந்தாரத்தை விட்டு ஸ ரி2 ம1 ப நி2 த2 ஸ என்று ஏறும். இவ்வளவுதான் தாளில். பாடும்போதோ இரண்டும் வேறு உலகம், ஏனென்றால் எந்தச் சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, எதை அசைப்பது, எதை மேலிருந்து வழுக்கி எடுப்பது என்பதில்தான் ராகம் இருக்கிறது. சுரப்பட்டியலைப் பார்த்து ராகத்தின் உணர்ச்சியைத் தீர்மானிப்பது, சீர்களின் வாய்பாட்டைப் பார்த்துக் கவிதையைத் தீர்மானிப்பது போலத்தான்.

எதுகை:
ஒரு கேள்வி. முகாரி என்றாலே அழுகை என்பது ஊரறிந்த வழக்கு. தியாகராஜரின் 'எந்தனினே' முகாரிதானே? அதில் அழுகை எங்கே இருக்கிறது? சபரியின் பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்று வியக்கிற பாட்டு அது. உவகையும் மருட்கையும்தான் பொருள். தெலுங்கு தெரியாதவர் கேட்டுச் சோகம் என்று கண் கலங்கினால் அந்தக் கலக்கம் யார் தந்தது? சொல் வேறு சொல்கிறது.

நிரவல்:
நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. அங்கே முகாரி தருவது அழுகை அல்ல, உருக்கம். நெஞ்சு நெகிழ்ந்த நிலை. அந்த நெகிழ்ச்சி துக்கத்தாலும் வரும், தகுதிக்கு மீறிய அருள் கிடைத்த வியப்பாலும் வரும். 'முகாரி பாடாதே' என்று பேச்சுவழக்கில் சொல்லிச் சொல்லி, உருக்கத்தை அழுகையாகச் சுருக்கிவிட்டோம். காலப்பிரமாணத்தையும் பாருங்கள். அதே ராகம் சவுக்க காலத்தில் (மெதுவான நடையில்) கமகம், அதாவது சுரத்தின் அசைவு, நீண்டு கனக்கும், மத்திம காலத்தில் (நடுத்தர வேகத்தில்) அந்தக் கனம் பாதி இறங்கிவிடும். ராகப் பெயரை மட்டும் சொல்லி உணர்ச்சியைச் சொல்ல முடியாது. ராகம், காலம், பிடிப்பு மூன்றும் சேர்ந்ததுதான் கணக்கு.

சொல்லே இல்லாமல் மெய்ப்பாடு வருவதற்குச் சான்று வேண்டுமா? கோயிலில் சுவாமி புறப்படும்போது நாகஸ்வரத்தில் மல்லாரி, கம்பீர நாட்டையில். அதற்குச் சாகித்தியம் கிடையாது. தவிலோடு அது எழும்போது பெருமிதம் என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தம்பூரா:
இரண்டு பேரும் ராகத்தை உணர்ச்சியோடு ஒட்டியே பேசுகிறீர்கள். ஓதுவார் மரபைப் பாருங்கள், வேறொரு படம் கிடைக்கும். அப்பரின் திருத்தாண்டகங்களை ஹரிகாம்போதியில் பாடுகிறார்கள். திருவிருத்தங்களைப் பைரவியில். அதாவது, பாவகையைப் பார்த்துப் பண் (பழந்தமிழ் ராகம்) அமைந்திருக்கிறது. ஒரு தாண்டகத்தில் ஆற்றாமை, இன்னொன்றில் அச்சமின்மை, மற்றொன்றில் இறைவன் புகழ். பண் மாறுவதில்லை. விருத்தம் (செய்யுளைத் தாளமின்றி ராகத்தில் பாடுவது) பாடுகிறவர்களிடமும் வெண்பாவுக்குச் சங்கராபரணம், கலித்துறைக்குப் பைரவி என்று பழைய வழக்கு உண்டு.

இந்த முறையில் உணர்ச்சியை வேறுபடுத்துவது முழுக்கச் சொல்லின் வேலை. பண், பாட்டின் நடைக்கு ஏற்ற ஓசையைக் கொடுத்து ஒதுங்கிக்கொள்கிறது. கேட்பவர் 'இது என்ன ராகம்' என்று தேடாமல் பாட்டின் பொருளுக்குள் போய்விடுகிறார். மூவர் பாடல்களிலேயே பண் பெயரோடு வருகிற பதிகங்களில் நிலைமை வேறு, அங்கே நட்டபாடை, கொல்லி, கௌசிகம் என்று பண்ணுக்குத் தனி இடம் இருக்கிறது. ஆனால் சந்தேகம் வரும்போது மரபு பாவகையை நம்பியது என்பதை மறக்க வேண்டாம்.

பரிபாடலையும் சொல்ல வேண்டும். எழுபதில் இன்று முழுதாகக் கிடைப்பவை 22. பல பாடல்களின் அடியில் பாடியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் மூன்றும் தனித்தனியே இருக்கின்றன. பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்பவை அந்தப் பண்கள். சொல் ஒருவர் பொறுப்பு, இசை இன்னொருவர் பொறுப்பு என்று அன்றே பிரித்து, இருவர் பெயரையும் பதிந்து வைத்திருக்கிறார்கள். எது பெரிது என்ற கேள்விக்கு எனக்குப் பிடித்த விடை அந்த மூன்று வரிக் குறிப்புதான்.

புதுமெட்டு, உங்கள் வெண்பாவைத் தாளத்தில் போடாதீர்கள். விருத்தமாகப் பாடுங்கள். வெண்பாவுக்குச் செப்பலோசை, ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வதுபோன்ற ஓசை. தாளக் கட்டுக்குள் நெருக்கினால் அந்தச் சொல்லும் தொனி போய்விடும்.

புதுமெட்டு:
மூவருக்கும் நன்றி. விருத்தமாகப் பாடுவது என்றால் படிப்படியாக என்ன செய்வது? எங்கள் பாடகி கர்நாடக இசை கற்றவர், ஆனால் விருத்தம் பாடிப் பழக்கமில்லை. பக்கவாத்தியம் ஒரு வயலின், ஒரு மிருதங்கம்.

தம்பூரா:
மிருதங்கத்துக்கு விருத்தத்தில் வேலை இல்லை. அவர் கையை எடுத்துக்கொள்ளட்டும்.

முதலில் பாட்டைப் பதம் பிரித்து எழுதச் சொல்லுங்கள். 'யார்வரு வார்' என்பது யாப்புக்காகப் பிரிந்தது, வகையுளி. பாடகியின் தாளில் 'யார் வருவார்' என்றே இருக்க வேண்டும். அடுத்து, மூச்சு எடுக்கும் இடங்களைப் பென்சிலால் கோடு போடுங்கள். இந்தப் பாட்டில் மூன்றே இடம்: விளக்கேற்றி-க்குப் பின், போனபின்-னுக்குப் பின், வாசலில்-லுக்குப் பின். வேறெங்கும் கூடாது. 'வைத்தவள்' என்று நிறுத்தி 'போனபின்' என்று எடுத்தால் கெட்டுவிடவில்லை, ஆனால் வைத்தவளும் போனதும் ஒரே மூச்சில் வந்தால்தான் அடி அடிக்கிறது.

பிறகு ஆலாபனை. இரண்டு அடிப் பாட்டுக்கு அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மத்திய ஸ்தாயியிலேயே இருந்து, மேல் ஷட்ஜத்தைத் தொடாமல் முடிக்கட்டும். மேலே போவது இரண்டாமடிக்காகப் பத்திரமாக இருக்க வேண்டும். முதலடியை ஒருமுறை நேராகச் சொல்வதுபோல், கிட்டத்தட்ட சங்கதியே (வரியை மாற்றி மாற்றி விரிப்பது) இல்லாமல் பாடிவிட வேண்டும். சபைக்குச் சொல் புரிந்த பிறகே விரிப்பது. இரண்டாம் முறை பாடும்போது விரிக்கலாம். வயலின்காரர் ஒவ்வொரு மூச்சு இடத்திலும் பாடியதன் கடைசிப் பிடியை மட்டும் திருப்பி வாசித்து விட்டுவிடட்டும். அவர் புதுச் சங்கதி போட ஆரம்பித்தால் பாட்டின் பொருள் அறுந்துபோகும். விருத்தங்களில் அதிகம் நடக்கிற தப்பு இதுதான்.

சொல்லுக்கு நடுவே ததரின என்று ஆலாபனை அசைகளைப் போடுவது இன்னொரு தப்பு. ராகம் விரிப்பதென்றால் சொல் முடிந்த பிறகு, அதன் கடைசி உயிரின் மேல்.

ஒற்றளபெடை:
எதை நீட்டலாம், எதை நீட்டக்கூடாது என்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. பாடலில் உணர்ச்சி கெடுவது பெரும்பாலும் ராகத் தேர்வினால் அல்ல, தப்பான எழுத்தை நீட்டுவதால்.

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் முதல் இயலை முடிக்கும்போதே 'அளபிறந்து உயிர்த்தலும் ஒற்றிசை நீடலும்' இசையில் உண்டு என்று சொல்லிவிட்டார். பேச்சில் குறில் 1 மாத்திரை, நெடில் 2, மெய் அரை. இசையில் உயிரும் தன் அளவைக் கடக்கும், ஒற்றும் நீளும் என்கிறார். ஆனால் எல்லா ஒற்றும் நீளாது. நன்னூல் பட்டியல் தருகிறது: ங, ஞ, ண, ந, ம, ன, வ, ய, ல, ள, ஆய்தம். வல்லினம் ஆறும் இதில் இல்லை. ரகரமும் ழகரமும் இல்லை. பாடிப் பார்த்தால் காரணம் தெரியும். 'ம்ம்ம்' என்றோ 'ன்ன்ன்' என்றோ சுரத்தைப் பிடித்து நிற்கலாம். 'த்' என்று நிற்க முடியுமா? காற்றே நின்றுபோகிறது.

இப்போது உங்கள் பாட்டு. 'வைத்தவள்' என்பதில் த் வந்து விழுகிற இடம் அடைப்பு, அங்கே மெட்டு எதுவும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். 'போனபின்' னகரத்தில் முடிகிறது. அதுதான் முதலடியில் நீட்ட வேண்டிய இடம். பி-யை நீட்டினால் 'போனபீன்' ஆகிவிடும். பி-யைக் குறுக்கி ன்-இல் நில்லுங்கள், மூக்கொலியாக மெல்லத் தேயட்டும். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் அடிமுடிவுகள் அநேகமாக நெடிலிலோ மூக்கொலியிலோ நிற்பது தற்செயல் அல்ல. அழுகை நீள்வதற்கு அங்கேதான் இடம் இருக்கிறது.

குறிலை நீட்டினால் சொல்லே மாறிவிடும் என்பதற்கு இது சின்ன உதாரணம். பெரியது: 'மறவாமல்'. இதை 'மற…' என்று நீட்டி நிறுத்தி, மூச்சு எடுத்து, 'வாமல்' என்று தொடர்ந்தால் முதலில் சபைக்குக் கேட்பது 'மற'. மறந்துவிடு என்கிறது பாட்டு. நினைவேந்தலில் அதைவிடக் கெட்ட பிழை கிடையாது. நீட்ட வேண்டியது வா-வை.

நிரவல்:
அருமை. இதே கணக்கை வைத்துத்தான் தாளத்திலும் போடலாம் என்கிறேன். தம்பூரா சொன்ன விருத்தத்தை முதலில் பாடட்டும். அதன்பின் அதே பாட்டை ஆதி தாளத்தில், ஒரே ஒருமுறை. மிருதங்கத்துக்கும் வேலை வந்துவிடும். இதில் எனக்கு வேறொரு காரணமும் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

ஆதி தாளம், ஒரு களை, 8 எண்ணிக்கை. சதுஸ்ர நடையில் எண்ணிக்கைக்கு 4 மாத்திரை. (இது தாள மாத்திரை, ஒற்றளபெடை சொன்ன எழுத்து மாத்திரையோடு குழப்ப வேண்டாம். இதை இடம் என்று சொல்கிறேன்.) சீருக்கு 2 எண்ணிக்கை, அதாவது 8 இடம். முதலடி நான்கு சீரும் ஒரு ஆவர்த்தனத்தில் (தாளத்தின் ஒரு சுற்றில்) சரியாக அடங்கும்.

எழுத்து மாத்திரை எண்ணிப் பாருங்கள். 'வாசல்' மூன்றரை. 'விளக்கேற்றி' ஆறு. இரண்டுக்கும் அதே 8 இடம்தான். எனவே விளக்கேற்றி நெருக்கமாக, கிட்டத்தட்டப் பேச்சின் வேகத்தில் வரும், வாசலுக்கு நான்கரை இடம் மிச்சம். அந்த மிச்சத்தை எங்கே செலவழிப்பது? ச-வில் செலவழித்தால் 'வாசால்'. வா-வுக்கு 5, ச-வுக்கு 1, ல்-லுக்கு 2. வாசல் திறந்தே கிடப்பதுபோல் வா நீண்டு நிற்கும், பிறகு விளக்கேற்றி என்று கை வேலை செய்வதுபோல் சுருக்கமாக வரும். சொல்லின் அளவே மெட்டை எழுதித் தருகிறது.

இரண்டாமடி: வாசலில் 8 இடம். 'யார்வரு' 8 இடத்தில், யார் 6, வ 1, ரு 1. வ, ரு இரண்டும் கடைசி இரண்டு இடத்தில் விரைந்து வந்து, 5ஆம் எண்ணிக்கையில் திருதத் தட்டின்மேல் விழும் 'வார்' என்பதோடு ஒட்டிக்கொள்ளும். 'வருவார்' என்று ஒரே சொல்லாகக் கேட்கும். யார்-ஐச் சுருக்கி ரு-வை நீட்டினால் 'யார் வரூ… வார்' என்று வகையுளி பல்லிளிக்கும்.

வேகம் நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை. ஒரு ஆவர்த்தனம் 8 நொடி, ஒரு மூச்சில் பாடலாம். 40-க்கு இறக்கினால் 12 நொடி ஆகிவிடும், அடி நடுவில் மூச்சு எடுக்க வேண்டிவரும்.

எதுகை:
இதைக் கேட்டபின் தாளத்தில் போடுவதை எதிர்க்க மாட்டேன். ஆனால் ஒன்று. குறள் வெண்பாவின் இரண்டாமடிக்கு மூன்றே சீர், அதிலும் கடைசியது ஓரசை. நாலு சீர் வரும் என்று காது எதிர்பார்த்திருக்க, ஒன்று வராமல் போகிறது. இந்தப் பாட்டில் வராமல் போன அந்தச் சீர்தான் போனவள். ஆதி தாளத்தில் வார்-க்குப் பிறகு 6, 7, 8 என்று மூன்று எண்ணிக்கை காலி. பாடகர்களுக்குக் காலி இடத்தைப் பார்த்தால் கார்வையோ (சுர நீட்டல்) சங்கதியோ போட்டு நிரப்பத் தோன்றும். மிருதங்கக்காரருக்கு ஒரு சிறு மோரா (முடிப்புச் சொற்கட்டு) தோன்றும். நிரப்பினால் யாப்பு செய்து வைத்த வேலை முழுவதும் பாழ்.

நிரவல்:
ஐயா, கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். விருத்தத்தில் அந்தக் காலி இடம் கேட்காது. தாளம் இல்லாத இடத்தில் மௌனம் எவ்வளவு நீளமும் இருக்கலாம், அது வெறும் இடைவெளி. தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் மௌனத்துக்குத்தான் அளவு உண்டு. வராத சீர் வரவில்லை என்று காதுக்குத் தெரிய, அது வந்திருக்க வேண்டிய நேரம் எண்ணப்பட வேண்டும். இசைக்கு 'இல்லை' சொல்லத் தெரியாது என்றீர்கள். தாளத்தால் சொல்ல முடியும்.

எதுகை:
ஏற்கிறேன். அந்த வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன்: சுரத்துக்குத் தெரியாது, தாளத்துக்குத் தெரியும். யாப்பும் அதே வழியில்தான் சொல்கிறது, சீர் எண்ணிக்கையால்.

புதுமெட்டு:
மிக நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். மெட்டை முதலில் போட்டுவிட்டு அதற்குச் சொல் எழுதினால் இந்தச் சிக்கல்கள் குறையுமா? கடைசி 'வார்' எந்தச் சுரத்தில் முடியலாம்?

ஒற்றளபெடை:
மெட்டுக்கு எழுதினால் சிக்கல் இடம் மாறும், குறையாது. மெட்டைத் தத்தகாரமாகக் கொடுப்பவர் எண்ணிக்கையை மட்டும் கொடுத்தால் போதாது, ஒலியின் வகையையும் கொடுக்க வேண்டும். திருப்புகழின் சந்தக் குழிப்பில் (ஓசை வாய்பாட்டில்) தத்த வேறு, தந்த வேறு, தான வேறு. தத்த வந்தால் குறிலை அடுத்து வல்லின ஒற்று: பட்டு, விட்டு. தந்த வந்தால் மெல்லின ஒற்று: வந்து, கண்டு. தாள அளவு இரண்டுக்கும் ஒன்றே. உணர்ச்சியில் முதலாவது வெட்டும், இரண்டாவது தழுவும். மெட்டு தழுவிக்கொண்டு போகும் இடத்தில் 'விட்டு' என்று எழுதினால், பாடகி என்ன பாடியும் அங்கே ஓர் இடறல் இருக்கும். இரங்கல் பாட்டில் வல்லினத்தை முழுக்க ஒதுக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் அல்ல. வெட்ட வேண்டிய ஒரே இடத்தில் வெட்டட்டும். உங்கள் முதலடியில் 'வைத்த' அப்படி விழுந்திருக்கிறது.

நிரவல்:
முடிவுச் சுரம். சிவரஞ்சனி எடுத்தீர்கள் என்றே வைத்துச் சொல்கிறேன், இந்தப் பாட்டுக்கு என் தேர்வு அதுதான். தம்பூராவின் சங்கராபரணம் விருத்தத்துக்குப் பொருந்தும். ஆனால் அதிலிருந்து தாளப் பகுதிக்குச் சிவரஞ்சனியில் மாறினால் காந்தாரம் இறங்குவது சபைக்குத் தெளிவாகக் கேட்கும், அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். விருத்தத்தில் நிறைவான நினைவு, தாளத்தில் துக்கம்.

வழக்கமாக எல்லோரும் க ரி ஸ என்று இறங்கி வார்-ஐ ஸ-வில் வைப்பார்கள். ஸ வீடு. அங்கே வந்து நின்றால் பாட்டு தீர்ந்தது, கேள்விக்கு விடையும் சொல்லியாயிற்று: யாரும் வரமாட்டார்கள். வெண்பா அந்த விடையைச் சொல்லவில்லை, கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறது. ஆகவே யார் என்பதைப் ப-வில் எடுத்து, வரு க-வில் வந்து, வார்-ஐ ரி-யில் நிறுத்துங்கள்.

உறுத்துமோ என்று பயம் வேண்டாம். ஸ 240 என்றால் ரி 270. தம்பூரா வாத்தியத்தின் மந்திர பஞ்சமம் (கீழ் ஸ்தாயிப் ப) 180. 270 அதைப்போல் சரியாக ஒன்றரை மடங்கு. அதனால் பின்னணிச் சுருதியோடு ரி இசைந்துதான் நிற்கும், அபசுரமாகக் கேட்காது. ஆனாலும் வீடு போய்ச் சேரவில்லை. சேராமல் நிற்பதுதான் இங்கே வேண்டியது. ரி-யை அசைக்க வேண்டாம், கமகம் இல்லாமல் நேராகப் பிடிக்கட்டும். கொஞ்சம் அசைந்தாலும் காது அதை ஸ-வுக்கு இறங்கும் வழியாக எடுத்துக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்துவிடும்.

தம்பூரா:
ரி-யில் முடித்தபின் வயலின்காரர் பழக்கத்தில் ஸ வாசித்து 'முடித்து' வைப்பார். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சுருதிப்பெட்டியையும் உடனே அணைக்க வேண்டாம், அந்த ஆவர்த்தனம் முடியும்வரை ஓடட்டும்.

ஒற்றளபெடை:
கடைசி எழுத்தைப் பற்றி. 'வார்' ரகரத்தில் முடிகிறது, நீளாத ஒற்று. போனபின்-னில் செய்ததை இங்கே செய்ய முடியாது. ஆ-வையே 5ஆம் எண்ணிக்கை முழுதும் நேராகப் பிடித்து, அதன் கடைசி இடத்தில் ர்-ஐ ஒருமுறை மட்டும் தொட்டு மூடுங்கள். நாவை உருட்டினால் 'வார்ர்' என்று முரடாகிவிடும். மூடாமல் விட்டால் சபைக்கு 'யார் வருவா' என்று கேட்கும். ஒத்திகையில் மைக் வைத்து, கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்து, அந்த ர் கேட்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். 6, 7, 8-க்கு மிருதங்கக்காரர் தொடையில் விரல் வைத்து எண்ணினால் போதும்.